இணை நோய்: இல்லை

கொரோனா காலத்தில் வீடு வீடாகப் போய்க் காய்ச்சல் விசாரித்தவர்களில் நானும் ஒருத்தி. அதற்கு முன்னால் தி.நகரில் ஒரு ஜவுளிக் கடையில் பேக்கிங் பிரிவில் இருந்தேன். புடவையை மடித்துப் பையில் போட்டு பில்லைச் சரிபார்த்துக் கொடுத்தால் போதும், யாரிடமும் பேச வேண்டியதில்லை. எனக்கு ஏற்ற வேலை. ஊரடங்கில் கடையை மூடினார்கள். பத்தாவது படித்திருக்க வேண்டும், அந்தப் பகுதியிலேயே குடியிருக்க வேண்டும் என்று மாநகராட்சியில் ஆள் தேடியபோது போய்ச் சேர்ந்துவிட்டேன். முன்பின் தெரியாதவர்கள் வாசலில் நின்று வாயைத் திறந்து கேள்வி கேட்பதுதான் வேலையே என்பது, தொப்பியையும் அடையாள அட்டையையும் மாட்டிய பிறகுதான் உறைத்தது.

கேள்விகள் எளிமையானவை. காய்ச்சல் இருக்கிறதா, இருமல் இருக்கிறதா, வாசனை தெரிகிறதா. கடைசிக் கேள்வி சுகர், பி.பி., ஆஸ்துமா, இருதயம், கிட்னி பற்றியது. படிவத்தில் அதற்கு 'இணை நோய்' என்று பெயர். இருக்கிறது, இல்லை என்று இரண்டு கட்டங்கள். ஒன்றில் டிக் போட வேண்டும்.

பயிற்சி கொடுத்த டாக்டர் அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். "காய்ச்சலை யாரு வேணும்னாலும் கண்டுபிடிச்சிடுவாங்க. ஒரு வீட்ல நாலு பேருக்கு வரும். மூணு பேரு ஒரு வாரத்துல எழுந்து நடப்பாங்க, நாலாவது ஆளு மூச்சு முட்டி எங்ககிட்ட வருவாரு. அந்த நாலாவது ஆளு யாரா இருக்கலாம்னு முன்னாடியே தெரிஞ்சுக்கத்தான் உங்கள அனுப்புறோம். வயசு கேளுங்க. சுகர் கேளுங்க. வெக்கப்படாம கேளுங்க."

வெட்கத்தை எல்லாம் மூட்டை கட்டி வைத்துவிட்டுத்தான் கேட்டேன். ஆனால் வந்த பதில்கள்!

மயிலாப்பூரில் ஒரு மாடி வீட்டு மாமி கேட்டைக்கூடத் திறக்கவில்லை. "எங்காத்துல யாருக்கும் ஒண்ணும் கிடையாதும்மா. காத்தால மிளகு ரசம், சாயங்காலம் சுக்குக் கஷாயம். வெளியில எதையும் வாங்கித் திங்கறதில்ல. எழுதிண்டு போ." அவருக்குப் பின்னால் ஈசிசேரில் உட்கார்ந்திருந்த மாமாவின் பாதத்தில் கட்டு. அந்த மாதிரிக் கட்டை நான் எங்கள் அப்பாவிடம் பார்த்திருக்கிறேன். "மாமா காலில..." என்று இழுத்தேன். "அது செருப்புக் கடி" என்றார் மாமி.

பட்டினப்பாக்கத்தில் மீன் விற்கிற அம்மா கையைத் தட்டிச் சிரித்தார். "சுகரா? அது குந்திக்கினு துன்றவங்களுக்கு வர்றது. நாங்கோ கடல் காத்துல கீறோம். எங்களுக்கு இன்னா வரும்? நீ போயி ஏசி வூட்டாண்ட கேளு." பக்கத்தில் இருந்தவர் மெதுவாகக் கேட்டார்: "ஏம்மா, சுகர் கீதுன்னு சொன்னா இட்டுக்கினு பூடுவீங்களாமே, மெய்யா?"

கூட்டிக்கொண்டு போய்விடுவார்கள் என்கிற பயம் எனக்குப் புரிந்தது. அப்படிப் போன சிலர் திரும்பி வரவில்லைதான். அவர்கள் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. செருப்புக் கடி என்று சொன்ன மாமியின் மேல்தான் வந்தது. படித்தவர்கள், வீட்டிலேயே மருத்துவம் பார்க்க வசதி உள்ளவர்கள், அவர்களுக்கு என்ன கேடு என்று தெரு முழுக்கப் பொருமிக்கொண்டே நடந்தேன். அதே வாரம் எங்கள் காம்பவுண்டு என் பட்டியலில் வந்தது.

மயிலாப்பூரில் ஒரு சந்தில் ஆறு போர்ஷன், ஒரே குழாய். அதில் ஒரு போர்ஷனில் அண்ணன், அண்ணி, அவர்கள் மகள், நான். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை. அண்ணன் தி.நகரில் பாத்திரக் கடையில் விற்பனையாளர். முப்பது வருடமாக நின்றே வேலை பார்த்தவர். அவருக்கு அப்போது பத்து வருடமாகச் சுகர். அது வீட்டில் எங்கள் நாலு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. தெரியாமல் இருக்க அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ரத்தப் பரிசோதனைக்கு பஸ் பிடித்து அடையாறு போவார், அங்கே தெரிந்த முகம் இருக்காது என்று. மாத்திரை அட்டை காலியானால் காம்பவுண்டு குப்பைத் தொட்டியில் போட மாட்டார். சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய்த் தி.நகர் பஸ் ஸ்டாப்பில் போடுவார்.

காரணம் நான்தான் என்று சொல்ல வேண்டும். அப்பாவுக்குச் சுகரில் முதலில் கால்விரல் போனது, பிறகு பாதம் போனது. அந்தச் சமயத்தில் எனக்கு வரன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முதலில் வந்தவர்கள் அப்பாவின் காலைப் பார்த்துவிட்டு காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்தார்கள். இரண்டாவதாக வந்தவர்கள், "சுகர் குடும்பம்னு முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்று தரகரிடம் சொல்லி அனுப்பினார்கள். மூன்றாவதாக யாரும் வரவில்லை. தன் மகளுக்கு அப்படி ஆகக் கூடாது என்று அண்ணன் நினைத்தார். அதில் எனக்கு மறுப்பு இல்லை.

மகளுக்கு நங்கநல்லூரில் ஒரு சம்பந்தம் வந்திருந்தது. கொண்டுவந்தவர் பக்கத்துப் போர்ஷன் அக்கா. அவர் மாப்பிள்ளையின் அம்மாவுக்கு ஒன்றுவிட்ட தங்கை. ஊரடங்குக்கு முன் பெண் பார்க்க வந்தபோது மாப்பிள்ளையின் அம்மா சிரித்துக்கொண்டே கேட்டார்: "தப்பா எடுத்துக்காதீங்க. சுகர் கிகர்னு குடும்பத்துல ஒண்ணும் இல்லையே?" அண்ணி, "ஐயையோ, அதெல்லாம் கிடையாதுங்க" என்றாள். அண்ணன் தட்டில் இருந்த ஜாங்கிரியை எடுத்துத் தின்றார். அது முடிந்ததும் இன்னொன்றை எடுத்தார். மறுநாள் கடையில் தலை சுற்றி அண்டாக்களுக்கு நடுவே உட்கார்ந்துவிட்டாராம்.

அந்த வீட்டு வாசலில்தான் நான் படிவத்தோடு போய் நின்றேன். குழாயடியில் மூன்று பெண்கள், அதில் ஒருவர் பக்கத்துப் போர்ஷன் அக்கா. "காய்ச்சல் இருக்கா?" என்று என் அண்ணனிடமே நான் கேட்டதும் எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். "இன்னா மேடம், எங்க வூட்டுச் சோத்த துன்னுட்டு எங்களையே விசாரிக்கிறீங்களா?"

கடைசிக் கேள்வி வந்தது. அண்ணன் என்னைப் பார்த்தார். நான் கேட்கவே இல்லை. 'இல்லை' என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு அடுத்த போர்ஷனுக்குப் போய்விட்டேன்.

முதல் அலை எங்களைத் தொடவில்லை. தடுப்பூசி வந்தது. களப்பணியாளர் என்பதால் எனக்கு முன்னாலேயே போட்டுவிட்டார்கள். பொதுமக்களில் அறுபது தாண்டியவர்களுக்கு முதலில், அவர்களோடு நாற்பத்தைந்து தாண்டி இணை நோய் உள்ளவர்களுக்கும் என்று அறிவித்தார்கள். அண்ணன் அந்தக் கணக்கில் வருவார். டாக்டரிடம் சுகர் இருக்கிறது என்று எழுதி வாங்கிக்கொண்டு போனால் உடனே ஊசி. நான் சொன்னேன்.

"அந்த வரிசைல நின்னா இன்னா அர்த்தம்? எனக்கு வியாதி கீதுன்னு நானே போர்டு மாட்டிக்கினு நிக்கற மாதிரி."

"வேற ஏரியால போய்ப் போட்டுக்கலாம்ணா."

"நீ வாயை மூடிக்கினு இருந்தா போதும். அது ஒண்ணுதான் உனக்கு நல்லா வரும்."

கொஞ்ச நாளில் நாற்பத்தைந்து தாண்டிய எல்லோருக்கும் என்று ஆனது. அதற்குள் கடையில் கல்யாண சீசன். கால் கிலோமீட்டர் நடந்தால் ஊசி போடும் இடம். நாளைக்கு, நாளைக்கு என்றே போனது. இரண்டாவது அலை வந்துவிட்டது.

எங்கள் வீட்டில் எனக்கும் அண்ணனுக்கும் ஒரே நாளில் பாசிட்டிவ். எனக்கு நாலு நாள் உடம்பு வலி, வாசனை போனது, அவ்வளவுதான். அண்ணனுக்கு முதல் மூன்று நாள் வெறும் காய்ச்சல். மாநகராட்சியிலிருந்து போனில் பேசிய அம்மா கம்ப்யூட்டரில் இருந்த என் பழைய பதிவைப் பார்த்து, "வயசு அம்பத்திரெண்டு, இணை நோய் இல்ல. வீட்லயே இருங்க சார்" என்று சொல்லிவிட்டார்.

கதவில் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால் யாரும் வெளியே போகக் கூடாது. என்னோடு வேலை பார்த்த பெண்தான் தினமும் வந்து காய்கறி, பால், மருந்து வாங்கிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் அண்ணனின் சுகர் மாத்திரை தீர்ந்தது. அதை அவளிடம் எழுதிக் கொடுத்தால் அவளுக்குத் தெரிந்துவிடும். அவள் பக்கத்துப் போர்ஷன் அக்காவோடு தினமும் நின்று பேசுகிறவள். "ஒரு வாரம் மாத்திரை இல்லன்னா ஒண்ணும் ஆயிடாது" என்றார் அண்ணன். அண்ணி தலையாட்டினாள். நானும் அங்கேதான் இருந்தேன். வாசனைகூடத் தெரியாத மூக்கோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன்.

எட்டாம் நாள் அந்தப் பெண் வாசலில் நின்றபடி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை நீட்டி அண்ணனின் விரலில் மாட்டச் சொன்னாள். பார்த்துவிட்டு முகம் மாறியது.

"தொண்ணூத்தி நாலு காட்டுது. அண்ணி, அவருக்கு சுகர் ஏதாச்சும் கீதா? இருந்தா சொல்லிடுங்க, இப்பவே வண்டிக்கு போன் பண்ணி லிஸ்ட்ல மேல ஏத்தச் சொல்றேன். ஒண்ணும் இல்லாதவங்கன்னா இன்னும் ரெண்டு நாள் பாக்கச் சொல்லுவாங்க. பெட்டே இல்ல."

பக்கத்துப் போர்ஷன் ஜன்னல் திறந்திருந்தது. அண்ணி சத்தமாகவே சொன்னாள்: "அதெல்லாம் ஒண்ணும் கிடையாதும்மா. கல்லு மாதிரி மனுஷன்."

அவள் அண்ணியைத் தாண்டி என்னைப் பார்த்தாள். "அக்கா?"

"இல்ல" என்றேன்.

படிவத்தில் டிக் போட்டதைக்கூடச் சிரிப்புக்கு நடுவே நடந்த தவறு என்று சொல்லிக்கொள்ளலாம். இதை அப்படிச் சொல்ல முடியாது. அவர் மூச்சு வாங்குவது என் காதில் விழுந்துகொண்டிருந்தது. தண்ணீர், தண்ணீர் என்று கேட்டுக் குடித்துக்கொண்டே இருந்தார். அது சுகர் ஏறியதன் தாகம் என்று, அப்பாவோடு இருந்த எனக்குத் தெரியும். தெரிந்தும் சொன்னேன்.

மறுநாள் காலை எண்பத்தி ஆறு. ஒரு வாக்கியத்தை முடிப்பதற்குள் இரண்டு தடவை மூச்சு வாங்கினார். நாலு மணி நேரம் கழித்து ஆம்புலன்ஸ் வந்தது. எனக்கும் பாசிட்டிவ் என்பதால் துணைக்கு என்னையே ஏற்றிக்கொண்டார்கள். அரசு ஆஸ்பத்திரியில் இன்னும் ஒரு மணி நேரம் வண்டிக்குள்ளேயே. பிறகு உள்ளே. கவச உடைக்குள் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. கண் மட்டும்தான் தெரிந்தது. கையில் சீட்டு.

"இணை நோய் எதுவும் இல்லன்னு போட்டிருக்கு. சரிதானே?"

"சுகர் இருக்குங்க. பதினோரு வருஷமா. ஆறு நாளா மாத்திரை போடல."

"அப்ப இல்லன்னு எழுதினது யாரு?"

"நான்தான்."

அவர் என் கழுத்தில் தொங்கிய அட்டையைப் பார்த்தார். அவசரத்தில் வீட்டிலிருந்து அதைத்தான் மாட்டிக்கொண்டு கிளம்பியிருந்தேன், வழியில் யாரும் மறிக்காமல் இருக்கட்டும் என்று. "நீங்களே இந்த வேலைல இருக்கீங்க" என்று மட்டும் சொன்னார். அண்ணனின் விரலில் குத்தி ஒரு சொட்டு ரத்தம் எடுத்துக் கருவியில் வைத்தார். எண் வரவில்லை, எழுத்துதான் வந்தது. "அந்த மிஷினால அளக்க முடியாத அளவுக்கு ஏறியிருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு வேலை நடந்துகொண்டிருக்கும்போதே என்னைத் திட்டினார். நுரையீரல் வீக்கத்துக்கு ஸ்டீராய்டு கொடுத்தே ஆக வேண்டுமாம், அது சுகரை இன்னும் ஏற்றுமாம். சுகர் ஏற ஏற உடம்பு கிருமியோடு சண்டை போடாதாம். "இது தெரியாம நான் ஊசியைப் போட்டிருந்தா? நேத்தே வந்திருந்தா இன்சுலினோட வார்டுலயே சமாளிச்சிருக்கலாம். இப்ப ஐ.சி.யு. கேக்குறீங்க. எங்க இருக்கு?" அவர் கத்தியதற்கு இன்றுவரை நான் வருத்தப்படவில்லை. எங்கள் வீட்டில் அப்படி ஒருவர் முன்பே கத்தியிருக்கலாம்.

சுகர் இருப்பதைச் சொல்லியிருந்தால் இவ்வளவு மோசமாகியிருக்காதா என்று பிறகு ஒரு நாள் அவரிடம் கேட்டேன். "உறுதியா யாராலயும் சொல்ல முடியாதும்மா" என்றார். அண்ணனுக்கு அடுத்த கட்டிலில் முப்பது வயது டிரைவர் ஒருவர் இருந்தார். சுகர் இல்லை, பி.பி. இல்லை, மெலிந்த உடம்பு. வீடியோ காலில் தன் அம்மாவிடம், "ஏசி ரூமு, வேளா வேளைக்கு முட்டை, உன் கையால துன்னதவிட நல்லா கீது" என்று கிண்டல் செய்துகொண்டிருந்தார். ஐந்தாவது நாள் போய்விட்டார். என் பகுதியில், சுகர் இருக்கிறது என்று முதல் நாளே வாசலில் சொன்ன எழுபது வயது தையல்காரர் பாய், மூன்றாம் நாளே ஆஸ்பத்திரிக்குப் போய் பத்து நாளில் நடந்து திரும்பி வந்தார். இதில் எதுவும் நூற்றுக்கு நூறு கிடையாது. அதனால்தான் கோபம் கூடுகிறது. நம் கையில் இல்லாதது அவ்வளவு இருக்கும்போது, நம் கையில் இருந்த ஒரே ஒரு சொல்லையும் மறைத்தோமே.

அண்ணன் பத்தொன்பது நாள் கழித்து வீட்டுக்கு வந்தார். பாதி ஆளாக வந்தார். குழாயடி வரைக்கும் நடந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பார். கடையில் நிற்க முடியாது. அவர் இடத்துக்கு வேறு ஆள் வந்துவிட்டார்.

பார்க்க வந்த பக்கத்துப் போர்ஷன் அக்காவிடம் அண்ணி சொன்னதைக் கேட்டு நான் அடுப்படியில் அப்படியே நின்றேன். "உயிர் தப்பிச்சதே பெரிசுக்கா. ஆனா ஆஸ்பத்திரில போட்ட ஊசியில சுகர் வந்துடுச்சு. முன்னாடி சுத்தமா கிடையாது."

"ஆமாமா, நெறைய பேருக்கு அப்படித்தான் வந்துக்கீதாம்" என்றார் அக்கா.

அப்படிச் சிலருக்கு வந்தது உண்மைதான். அந்த உண்மைக்குள் எங்கள் பொய்யை ஒளித்து வைத்துக்கொண்டோம். கொரோனா கொடுத்த சுகர் என்றால் பரம்பரைச் சுகர் இல்லை, பெண்ணுக்கு வராது, சம்பந்தம் நிற்காது. ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றியவர்கள் மேல் பழி.

அண்ணன் அதோடும் நிற்கவில்லை. வருகிறவர்களிடமெல்லாம், "தைரியந்தான் காப்பாத்துச்சு. பயந்தவன் போயிட்டான்" என்று சொல்ல ஆரம்பித்தார். அடுத்த கட்டில் டிரைவரா பயந்தார்? முகமூடிக்குள் மூச்சு முட்டிக்கொண்டே அம்மாவைச் சிரிக்க வைத்தவரா? ஒரு தடவை வாய்வரைக்கும் வந்தது. அண்ணனுக்கு இருமல் வந்தது. தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போய்விட்டேன்.

இதற்கிடையில் நானும் ரத்தம் சோதித்துப் பார்த்துக்கொண்டேன். அடையாறு போகவில்லை, தெருமுனை லேபிலேயே கொடுத்தேன். எனக்கும் சுகர். எப்போதிலிருந்து என்று தெரியாது. கொரோனா வந்தபோதே இருந்திருக்கலாம். தடுப்பூசி போட்டிருந்ததால் லேசாகப் போனதா, வேறு எதனாலா, அதுவும் தெரியாது.

மாப்பிள்ளையின் பெரியப்பாவும் அந்த அலையில்தான் போனார். அதனால் கல்யாணப் பேச்சை ஒரு வருடம் தள்ளி வைத்து, பிறகு நாள் குறிக்க நங்கநல்லூர் போனோம். பரிமாறும்போது மாப்பிள்ளையின் அம்மா மிகுந்த கரிசனத்தோடு, "பாவம் சம்பந்தி, கொரோனாவால சுகர் வந்துடுச்சு. அவருக்குக் காராசேவு மட்டும் வைங்க" என்றார். என் தட்டில் இரண்டு லட்டு வைக்கப் போனார். "நீங்க சாப்பிடுங்க, உங்களுக்கென்ன."

"வேணாங்க. எனக்கும் சுகர்."

"அடடா. உங்களுக்கும் கொரோனாவுக்கு அப்புறந்தானா?"

அண்ணி என் காலை மிதித்தாள். நன்றாகவே மிதித்தாள். ஆமாம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். 'இல்லை' என்று ஒரு தடவை டிக் போட்டு, ஒரு தடவை வாயாலும் சொன்னவளுக்கு அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆனால் அண்ணன் அப்போது எதிரே உட்கார்ந்து காராசேவு தின்றுகொண்டிருந்தார். மூன்று தடவை மெல்லுவார், நிறுத்தி மூச்சு வாங்குவார், மறுபடி மெல்லுவார்.

"இல்லைங்க" என்றேன். "எங்க அப்பாவுக்கு இருந்துச்சு. அதுல கால எடுத்தாங்க. அண்ணனுக்குப் பன்னெண்டு வருஷமா இருக்கு. அதை மறைச்சதாலதான் அவ்ளோ சீரியஸ் ஆச்சு."

தட்டைக் கீழே வைத்துவிட்டேன். பிறகு மாப்பிள்ளையின் அம்மாதான் கேட்டார்: "அப்ப அன்னைக்கு அவ்ளோ ஜாங்கிரி சாப்பிட்டாரே?"

பஸ்ஸில் திரும்பும்போது அண்ணி என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்: "உனக்கு ஆகலன்னு அவளுக்கும் ஆகக் கூடாதுன்னு நெனச்சுட்டல்ல." அண்ணன் மகள்தான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "அத்தை, நானும் டெஸ்ட் எடுக்கணுமா?" என்று கேட்டாள். எடு என்றேன்.

ஒரு வாரம் கழித்து நங்கநல்லூரில் இருந்து போன் வந்தது. அவர்கள் கேட்டதும் அதைத்தான். பெண்ணுக்கு ஒரு ரத்தப் பரிசோதனை எடுத்துக்கொள்ளுங்கள் என்றார்கள். நாளும் குறித்துவிட்டார்கள். பரிசோதனையில் ஒன்றும் இல்லை, வருடத்துக்கு ஒரு தடவை பார்த்துக்கொண்டால் போதும் என்று லேபில் சொன்னார்கள்.

இவ்வளவுதான். பத்தொன்பது நாள் ஆக்சிஜனும், முப்பது வருட வேலையும், வாழ்நாள் முழுக்க இனி வாங்கப்போகும் இந்த மூச்சும், இந்த ஒரு ரத்தப் பரிசோதனைக்காக. என் காலத்தில் நின்றுபோனது போல இந்தச் சம்பந்தமும் நின்றிருந்தால்கூட எனக்கு மனசு கொஞ்சம் ஆறியிருக்குமோ என்று தோன்றுகிறது. நல்ல நினைப்பு இல்லை, ஆனால் தோன்றுகிறது.

கல்யாணம் நடந்தது. தாரை வார்த்துக் கொடுக்கும்போது அண்ணனால் நிற்க முடியவில்லை. மேடைக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி கொண்டுவந்தார்கள். அதில் உட்கார்ந்துதான் மகளின் கையைப் பிடித்துக் கொடுத்தார். இறங்கி வந்தவரைச் சுற்றி நின்று உறவுக்காரர்கள் கேட்டார்கள், ஏன் இப்படி ஆகிவிட்டீர்கள் என்று.

"கொரோனா" என்றார்.

நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன். என்னை ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு, "சுகர் வேற இருந்துச்சில்ல" என்று, மூச்சு வாங்கிக்கொண்டு, அவர்களுக்குக் கேட்டதோ இல்லையோ என்கிற குரலில் சொன்னார்.